நாலு உதை

“இன்னொரு வாட்டி மெஷின்ல ஷாக் அடிக்குதுன்னு சொன்னீன்னா, கேட்டுக்கு வெளியதான் நிப்ப.”

சூப்பர்வைசர் கலியமூர்த்தி போட்ட சத்தத்தில் பீங்கான் பட்டறையே திரும்பிப் பார்த்தது. மண் பிசையும் மெஷினுக்குப் பக்கத்தில், ஈரத் தரையில், விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான் பக்கிரி. முழங்கைவரை களிமண்.

“அடிச்சுது சார். கையில புடிச்சு தோளு வரைக்கும் ஏறுச்சு.”

“இது எத்தினியாவது வாட்டி?”

“நாலு.”

“நெஞ்சுல அத வெச்சு எத்தினி மாசம்?”

பக்கிரிக்கு அதை வைத்து ஆறு மாதம். இதயம் திடீர் திடீரென்று தறிகெட்டு ஓடுகிற நோய். புதுச்சேரியில் காப்பீட்டு அட்டையைக் காட்டியபின், இடது தோளுக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒன்றை வைத்துத் தைத்திருந்தார்கள். இதயம் ஓடினால் அது கரண்டு கொடுத்து அடக்கும், சமயத்தில் மாடு உதைத்த மாதிரி இருக்கும், பயப்படாதே என்றார் டாக்டர். வேலை போய்விடுமென்று பட்டறையில் மறைத்திருந்தான். போன வாரம் சட்டை மாற்றும்போது தழும்பைப் பார்த்துவிட்டார்கள்.

“ஷாக்கு ஒன் நெஞ்சுக்குள்ள இருக்குது, பழி எம் மெஷினுக்கா? எலக்ட்ரீசியன் டெஸ்டர் வெச்சுப் பாத்துட்டான், எரியல. ஊரு பூரா மாட்டுற ஃபியூஸ் கட்டை இங்கதான்யா செய்யுறோம். கரண்டத் தடுக்குற சாமான் செய்யுற எடத்துல கரண்டு கசியுமா?”

“பக்கிரியண்ணன் நெஞ்சுல ஒயர சொருகுனா செல்லுக்கு சார்ஜு போட்டுக்கலாம்” என்றாள் ஒருத்தி. சிரித்தார்கள். பக்கிரியும் சிரிக்கப் பார்த்தான். சூப்பர்வைசர் சொல்வது சரியென்றுதான் அவனுக்கும் பட்டது. டாக்டரே உதைக்கும் என்றுதானே சொன்னார்.

“நாளைக்கே போயி காட்டு. வேல செய்யலாம்னு எழுதி வாங்கியா. இல்லாட்டி வேற ஆளப் போட்டுடுவேன்.”

மூலையில் காய்ந்த ஃபியூஸ் கட்டைகளுக்குப் பிசிறு தட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி அம்புஜவல்லி எழுந்து வந்தாள்.

“வேற ஆளெல்லாம் வேணாங்க சார். அவரு வர்ற வரைக்கும் அந்த மெஷின்ல நான் நிக்கிறேன்.”

“ஒன்னால ஆவுமா?”

“மண்ண அள்ளிப் போடுறதுதான. ஆவும்.”

மறுநாள் காலையில் பஸ் ஏற்றிவிட வந்தவள், “டாக்டரு சொன்னதும் போன் பண்ணு” என்றாள். “செல்லு சூப்பர்வைசர் டேபிள்லதான் இருக்கும். வேல நேரத்துல கையில வெச்சுக்க வுடமாட்டாங்க. வுடாம அடி, அவுரு எடுத்துக் குடுப்பாரு.”

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் தென்றல் என்ற டெக்னீசியன் பெண், அவனைப் படுக்கவைத்து, வட்டமான ஒன்றைத் தழும்பின்மேல் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

“எத்தனை தடவை உதைச்சுதுன்னு சொன்னீங்க?”

“நாலு வாட்டிங்க மேடம். கையெல்லாம் மரத்துப் போவுது.”

அவள் திரையை மேலும் கீழும் தள்ளினாள்.

“ஆறு தடவை இதயம் வேகமா ஓடியிருக்கு. ஆறு தடவையும் நெஞ்சுல வெச்ச மெஷின் அதைவிட வேகமா, சின்னச் சின்னதாத் தட்டி அடக்கிடுச்சு. தட்டினது உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. அதுக்கு அடங்கலைன்னாத்தான் உதைக்கும்.”

“அப்ப உதைச்சது?”

“ஒரு தடவைகூட உதைக்கலைங்க.”

பக்கிரி எழுந்து உட்கார்ந்தான்.

“நேத்து பத்தரை மணிக்குக்கூட தூக்கிப் போட்டுச்சே மேடம்.”

“நேத்து பத்தரைக்கு உங்க இதயம் ஒழுங்காத்தான் துடிச்சிருக்கு. ஆனா வெளியிலேருந்து கரண்டு ஏறின மாதிரி பதிவாகியிருக்கு. இதே மாதிரி மொத்தம் நாலு. எங்க வேலை செய்யுறீங்க நீங்க?”

சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் வெளியே ஓடிவந்து அம்புஜவல்லியின் நம்பரை அடித்தான். மூன்றாவது தடவை கலியமூர்த்திதான் எடுத்தார்.

“சார், அந்த மெஷின நிறுத்துங்க சார்…”

“யோவ், நானே ஒன்னக் கூப்புடணும்னு இருந்தேன்” என்றார் அவர். “ஒம் பொண்டாட்டிக்கும் நெஞ்சுல அத வெச்சிருக்காங்களா? ஷாக்குன்னு கத்திக்கிட்டு வுழுந்துச்சு, இன்னும் எழுந்திரிக்கல.”