கேட்டைத் தாண்டாத கார்

“இங்க ஒரே பனி. பேச வாயைத் திறந்தாலே பல்லு தந்தி அடிக்குது” என்றார் கணவர், ஃபோனில். “அதை விடு. ஸ்டார்ட் பண்ணிட்டியா?”

“இதோ பண்றேங்க.”

ஷெட்டில் நின்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்குள் உட்கார்ந்து மனைவி பட்டனை அழுத்தினாள். வண்டி உறுமியது. கையை வெளியே நீட்டி, ஃபோனை இன்ஜின் பக்கம் காட்டினாள். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

“இருபது நிமிஷம் அப்படியே ஓடட்டும். கியரைத் தொடாத. கேட்டைத் தாண்டாத. நான் வர்றதுக்குள்ள பேட்டரி இறங்கிப் போச்சுன்னா மனுஷனா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு எத்தனையோ காய்ச்சல் வந்து போயிருக்கிறது. எதற்கும் அவர் தினமும் ஃபோன் போட்டு விசாரித்ததில்லை.

விற்பனையில் சாதித்ததற்காகக் கம்பெனி தன்னை வெளிநாட்டுக்கு உல்லாசப் பயணம் அனுப்புவதாக அவர் சொன்னபோது, “நானும் வரேனே” என்று அவள் கேட்டுப் பார்த்தாள். பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்து அவள் சேர்த்து வைத்த லீவு அத்தனையும் அப்படியே கிடந்தது.

“குடும்பத்துக்கெல்லாம் அனுமதி இல்ல. எனக்கும் பத்து நாள் யாரோட தொணதொணப்பும் இல்லாம தூங்கணும்” என்று சொல்லிவிட்டு டாக்ஸியில் ஏறிவிட்டார். அன்றைக்கு அவள் பாத்திரம் கழுவுகிற சாக்கில் நன்றாக அழுதாள்.

அவளிடம் லைசென்ஸ் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் வண்டியில் ஊரையே சுற்றியவள்தான். ஆனால் இந்தக் காரில் அவளுக்கு விதிக்கப்பட்டது பக்கத்து சீட். அதிலும் எதையும் தின்னக் கூடாது, கதவை வேகமாகச் சாத்தக் கூடாது.

மூன்று நான்கு நாள் போயிருக்கும். பட்டனை அழுத்தினால் வண்டி முனகியதே தவிர உறுமவில்லை. பயந்துபோய் மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவர் வந்து ஒயர் மாட்டி வண்டியை உசுப்பிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“நின்ன இடத்துலயே உறும விட்டா எப்படிம்மா சார்ஜ் ஏறும்? ஸ்டார்ட் பண்ண செலவானதே திரும்பி வராது. ரோட்டுல எடுத்து நல்லா ஓட்டுங்க.”

மாலையில் ஃபோன் வந்ததும் அவள் மென்று விழுங்கி இதைச் சொன்னாள்.

“ரோட்டுலயா!” கணவர் அலறினார். “அந்த ஆளுக்கு என்ன தெரியும்? கேட்டைத் தாண்டினா நடக்கறதே வேற!” பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். “பொழுது போகலைன்னா டிவி பாரு. எங்கம்மாவையும் போய்த் தொந்தரவு பண்ணாத. நான் பேசிட்டேன், நல்லாத்தான் இருக்காங்க.”

“சரிங்க.”

மறுநாள் மாலை ஃபோன் எடுத்தபோது அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அவர் கேட்கக் காத்திருந்தது அவள் குரலையா என்ன?

வண்டி உறுமியது.

“அடடா! இன்னிக்கு என்ன இப்படிக் கணீர்னு கேக்குது? பக்கத்துலயே நிக்கற மாதிரி இருக்கு, காதெல்லாம் அதிருது!”

“சார்ஜ் நல்லா ஏறியிருக்குங்க.”

“பாத்தியா? நான் சொன்னபடி செஞ்சா எல்லாம் ஒழுங்கா நடக்கும். அந்த மெக்கானிக் பேச்சைக் கேட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்!”

“ஆமாங்க, என்ன ஆகியிருக்கும்” என்றாள் அவள். “அங்க இன்னும் பனியா?”

“கொட்டோ கொட்டுன்னு கொட்டுது!”

அதற்குப் பிறகு தினமும் அதே கணீர். கணவர் பூரித்துப் போனார். பெண்டாட்டியைக்கூட ஒரு தடவை பாராட்டினார்.

பத்து நாள் முடிந்து டாக்ஸியில் வந்து இறங்கினார். கழுத்தில் மப்ளர், கையில் சாக்லேட் டப்பா. பனியில் வாடி வதங்கி வருவார் என்று பார்த்தால், கன்னம் உப்பி வந்திருந்தார்.

டப்பாவை அவள் கையில் திணித்துவிட்டு நேரே ஷெட்டுக்குப் போனார். பட்டனைத் தொட்டதுமே வண்டி உறுமியது. முகமெல்லாம் பல்லாக நிமிர்ந்தவர், கிலோமீட்டர் காட்டும் மீட்டரைப் பார்த்ததும் பேயறைந்தவர் போல ஆனார். கிளம்பும்போது இருந்த கணக்கு அவருக்கு மனப்பாடம்.

“வண்டியை வெளிய எடுத்தியா?”

“எடுத்தேங்க.”

“படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனேன்! வீட்டுல நின்னு ஸ்டார்ட் பண்ற மாதிரி தினமும் ஃபோன்ல நடிச்சிருக்க! கட்டின புருஷன்கிட்டயே பொய்யா? இனிமே உன்னை எப்படி நம்பறது?” தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். “சொல்லு, எங்க போன? யாரைப் பாக்கப் போன?”

அவள் அவசரப்படவில்லை. அவர் கையிலிருந்த சாவியை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். கழுத்திலிருந்த மப்ளரை உருவி அழகாக மடித்தாள்.

“உங்கம்மாவைப் பாக்கத்தாங்க போனேன். அங்க திரை போட்டிருந்த அந்த மாடி ஜன்னலுக்குக் கீழ நிறுத்தித்தான் தினமும் ஸ்டார்ட் பண்ணேன்.”

கணவர் வாயைத் திறந்தார். சார்ஜ் இறங்கிய வண்டி மாதிரி ஒரு முனகல்தான் வந்தது.

“ஆனா அங்க பனி ஒண்ணும் கொட்டலையேங்க!”