கூட்டு ரோட்டுக் கருங்காலி

"அதோ பாருங்க தலைவரே, மறுபடியும் போறான்!"

பார்த்திபன் கை நீட்டிய பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். செஞ்சி கூட்டு ரோட்டில் அன்றைக்கு ஓடிய ஒரே வண்டி அதுதான். இரண்டு பக்கமும் ரெக்சின் திரையை இறக்கிவிட்டுக்கொண்டு, கோட்டைப் பக்கமாகப் போனது ஃபைஸின் ஷேர் ஆட்டோ.

"உள்ள யாருடா?" என்றார் கன்னியப்பன்.

"தெரியல தலைவரே. காலையிலருந்து இதே வேலையா இருக்கான். அனந்தபுரம் ரோட்டுலருந்து வரான், கோட்டைப் பக்கம் போறான், காலியா திரும்புறான்."

"பந்த் அன்னிக்கு டபுள் ரேட்டு வாங்குறானோ இன்னாவோ."

கன்னியப்பனுக்குப் பெயின்ட் கடை. இப்போது கூடுதலாகப் போராட்டக் குழுத் தலைவர். கோட்டைக்குப் போகிற வழியில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியை மூடப்போகிறார்களாம். அங்கே ஆள் வருவதே இல்லையாம். நேரில் பார்த்து எழுதி அனுப்ப இன்றைக்கு ஒரு அதிகாரி வருகிறார்.

அவர் வருகிற நாளில் ஊரே அடைத்துக் கிடந்தால்தான் நம் கோபம் மேலே இருப்பவர்களுக்கு உறைக்கும் என்று யோசனை சொன்னவர் கன்னியப்பன்தான். சொன்னபடியே செய்தும் காட்டிவிட்டார். கடை இல்லை, ஆட்டோ இல்லை, டவுன் பஸ்ஸைக்கூட ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கடைத்தெருவில் ஒரு ஆடு மட்டும் இஷ்டத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

இத்தனை அழகான பந்தில் இப்படி ஒரு கரும்புள்ளியா? கன்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை. ஆட்டோ காலியாகத் திரும்பி வந்ததும் நடுரோட்டில் போய் நின்றுகொண்டார்.

"இன்னாடா ஃபைஸு, ஊரே ஒண்ணா நிக்குது. உனக்கு மட்டும் இன்னா தனி ரூட்டு?"

"அண்ணா, சின்ன ஆஸ்பத்திரிக்கு..."

"சின்ன ஆஸ்பத்திரிக்காகத்தான்டா நாங்க இவ்ளோ பாடுபடறோம்! உனக்கு சவாரி பெரிசா போச்சா?"

"அதில்லண்ணா. நான் மீட்டிங்லயே சொல்ல வந்தேன்..."

"மீட்டிங்ல ஆட்டோ ஓட்டக் கூடாதுன்னப்போ நீயும் கை தூக்குனியா, இல்லையா?"

"தூக்குனேண்ணா. பேசறதுக்குத்தான் தூக்குனேன். நீங்க ஓட்டுல சேத்துட்டீங்க."

"நல்லா சமாளிக்கிறான்யா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இன்னொரு குரல் "கருங்காலி!" என்றது.

ஃபைஸ் மேற்கொண்டு வாயைத் திறப்பதற்குள் பார்த்திபன் குனிந்து முன் சக்கரத்துக் காற்றைப் பிடுங்கிவிட்டான். பின் சக்கரங்களையும் விட்டுவைக்கவில்லை.

ஃபைஸ் சண்டை போடவில்லை. சப்பையாகிப்போன டயர்களைப் பார்த்தான். "கொஞ்சம் காது குடுத்து கேட்டிருக்கலாம்ணா" என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்தபடி அனந்தபுரம் ரோட்டில் நடக்க ஆரம்பித்தான்.

சற்று நேரத்தில் அதிகாரியின் ஜீப் வந்து நின்றது. கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி இறங்கினார். கன்னியப்பன் சால்வையோடு முன்னால் ஓடினார்.

"பாத்தீங்களா மேடம்? ஒரு ஈ, காக்கா இல்ல. மொத்த ஊரும் ஆஸ்பத்திரி பக்கம்!"

"ஊரைப் பாத்துட்டேன். ஆஸ்பத்திரியைப் பாக்கலாமா?" என்றார் அதிகாரி.

ஜீப் முன்னால் போக, குழு பைக்குகளில் பின்னால் போனது. சின்ன ஆஸ்பத்திரி வாசலில் கன்னியப்பனே திகைத்து நின்றுவிட்டார். வராந்தா முழுக்க ஆட்கள். பெஞ்சில் இடமில்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். புதன்கிழமை, தடுப்பூசி நாள். உள்ளே குழந்தைகள் ஆஸ்பத்திரியே அதிரும்படி கத்திக்கொண்டிருந்தன.

அதிகாரி, கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணிடம் கேட்டார். "பஸ், ஆட்டோ எதுவுமே ஓடலயே. எப்படிம்மா வந்தீங்க?"

"ஆட்டோக்கார தம்பி ஒருத்தரு வூட்டாண்டயே வந்து இட்டாந்து வுட்டாரும்மா. பஸ்சு இல்லன்னு யாரும் போவாம இருந்துட்டா, பாக்க வர்றவங்க ஆளே இல்லன்னு இழுத்து மூடிடுவாங்கன்னு சொன்னாரு. காசு குடுத்தா வாணாம்னுட்டாரு."

கன்னியப்பனுக்கு அப்போதுதான் விளங்கியது. ஊரை அடைத்த கையோடு, ஆஸ்பத்திரிக்கு வருகிற வழியையும் அவரே அடைத்துவிட்டிருந்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். "ஆளே இருக்காதுன்னு நினைச்சுத்தான் சார் வந்தேன். பந்த் அன்னிக்கே இவ்வளவு பேர் வந்திருக்காங்களே! மதியம் வரைக்கும் இங்கதான் உக்காந்து பாக்கப் போறேன். இதே மாதிரி ஆள் வந்துக்கிட்டே இருந்தா, மூடச் சொல்லி நான் எழுத மாட்டேன்."

குழு கைதட்டியது. "தலைவர் கன்னியப்பன் வாழ்க!" என்று ஒருவர் கத்தியும் விட்டார்.

அந்தப் பெண் வாசலையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் நெறைய பேரு புள்ளைங்கள தூக்கிக்கினு ரோட்டாண்ட நிக்கிறாங்கம்மா. இதோ இட்டாந்துடறேன்னு போனாரு அந்தத் தம்பி. இன்னா ஆச்சோ தெரியல, காணோம்."

கன்னியப்பன் பார்த்திபனின் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"டேய், ஓடு! எங்கியாச்சும் ஒரு பஞ்சர் கடை தொறந்திருக்குதா பாரு!"

பார்த்திபன் பைக் பக்கம் இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினான்.

"எல்லாத்தையும் நாமதான தலைவரே மூட வெச்சோம்?"