பேச்சுத்துணை

கொழுந்தன் குடித்துவிட்டுக் காரை ஓட்டிப்போய் ஒருவரை இடித்ததை நான் போலீஸிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் என்னோடு யாரும் பேசக் கூடாது என்பது மாமியார் போட்ட உத்தரவு.

கணவருக்குக் கப்பலில் வேலை. சாப்பாட்டு மேஜையில் நான் உப்பு கேட்டால் ஏதோ சுவர் பேசிய மாதிரி கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருப்பார்கள். எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியது சமையலறை அலமாரியில் இருந்த சாமி படம்தான். அதோடு வாய்விட்டுப் பேசினேன்.

சாபம் விடுகிறேனா என்று மாமியார் கதவோரம் நின்று ஒட்டுக்கேட்பார்.

"சாமி, அத்தைக்கு நூறு வயசு கொடு. காது நல்லா கேக்கணும். ஞாபகம் கொஞ்சம்கூட மங்கக் கூடாது."

தினமும் இதே வேண்டுதல்தான். ஒருநாள் அவர் உடைந்துபோய் உள்ளே வந்தார்.

"இவ்வளவு பண்ணியும் எனக்காகவா வேண்டிக்கிற? என்ன மனசும்மா உனக்கு! இனிமே நாம பேசிக்கலாம்."

"நேரமில்லையே அத்தை. உங்க பையன் கரையிலயே வேலை வாங்கிட்டார். நாளைக்கு நான் அங்க போறேன். கொழுந்தனும் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு அவரோட மாமனார் வீட்டுக்குக் குடிபோறார். என்னைச் சுவர்னு நெனச்சு என் முன்னாடியேதான் பேசிக்கிட்டாங்க. உங்ககிட்ட சொல்லலையா?"

மாமியார் கொழுந்தன் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நான்?"

"இங்கதான், தனியா. கடிகாரம் ஓடுற சத்தம்கூட நல்லா கேக்கும். நீங்க என்கிட்ட பேசாத ஒவ்வொரு நாளும் ஞாபகம் வரும். அதுக்குத்தான் நூறு வயசு கேட்டேன்."

பெட்டியை மூடப் போனவள் வாசலில் திரும்பினேன்.

"சாமி படத்தை விட்டுட்டுப் போறேன் அத்தை. பேச்சுத்துணைக்கு ஆகும்."