கண்ணாடி அலமாரித் தோட்டா

"வெடிச் சத்தத்துக்கே கட்டிலுக்கு அடியில ஒளியிறவனுக்குப் பொண்ணு தர முடியாதுன்னு சொன்னேன். அதுல என்ன தப்பு?" என்று அத்தான் கத்துவது நாலு வீடு தள்ளியும் கேட்கிறது. மச்சினியைப் பெண் கேட்டு வந்து, அவர் விரட்டிவிட்ட தையல்காரருக்கு இப்போது வேறு மனைவி, இரண்டு பிள்ளைகள். மச்சினிக்கு முப்பத்தைந்து வயது. விருந்தாளிகள் நிறைந்த கூடத்தில், தான் சண்டை போட்ட போரில் மிஞ்சியது என்று அத்தான் பீற்றிக்கொள்ளும் தோட்டா கண்ணாடி அலமாரிக்குள் மினுங்குகிறது. பழைய பித்தளைக் கடையில் சரக்கைத் தரம் பிரிக்கும் மச்சினி அதை எடுத்து, ஜன்னல் வெயிலில் நிதானமாகத் திருப்புகிறாள். "முனையில குண்டே இல்லையே அத்தான். வாயை மொட்டு மாதிரி மடிச்சு மூடியிருக்கு. இது ஒத்திகைக்குச் சுடுற வெத்துத் தோட்டா, சத்தம் மட்டுந்தான் வரும்." "பித்தளை பொறுக்குறவளுக்கு என்ன தெரியும்?" "படிக்கத் தெரியும்." தோட்டாவின் அடிப்பாகத்தைச் சம்பந்தி மாமாவிடம் நீட்டுகிறாள். "வருஷம் அடிச்சிருக்கு பாருங்க மாமா. சண்டை முடிஞ்சு நாலு வருஷம் கழிச்சுச் செஞ்சது." மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தோட்டாவைப் பார்க்கிறார், பிறகு அத்தானைப் பார்க்கிறார். அக்கா வாயைப் பொத்திக்கொள்கிறாள், அழவா சிரிக்கவா என்பது அவளுக்கே வெளிச்சம். மச்சினி, வருடம் எல்லோருக்கும் தெரியும்படி தோட்டாவைப் படுக்கவைத்து, அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறாள்.

இரண்டே மாதத்தில் அத்தான் வேறு ஊருக்குக் குடிபோனார். அந்த வருடமே மச்சினிக்குக் கல்யாணம் நடந்தது, பத்திரிகையை அவருக்குத் தபாலில்தான் அனுப்பினாள்.