வீட்டோடு முயல்

“நேத்து மத்தியானத்துலேர்ந்து வெளிக்கே போகல உம்மா. வயிறு கல்லாட்டம் கெடக்கு” என்றாள் ஸஹ்லா.

இடியாப்பம் பிசைந்துகொண்டிருந்த அஃப்ஸலின் கை அப்படியே நின்றது. புது மாப்பிள்ளையின் வயிற்றுக் கதையை மாமனார் மாமியார் முன்னால் இப்படியா போட்டு உடைப்பாள் ஒருத்தி? அவன் வயிறும் கல்லாகத்தான் கிடந்தது என்பது வேறு விஷயம்.

“எடம் புதுசுல்லா? பழகுத வரைக்கும் அப்படித்தான் இருக்கும்” என்ற மாமியார் பதுருன்னிஸா, அவனைத் தாண்டிக் கையை நீட்டி, பக்கத்திலிருந்த கூண்டைத் திறந்து முயலின் வயிற்றைத் தடவினாள்.

அஃப்ஸலுக்கு மூச்சு வந்தது. அடுத்த நொடியே மறுபடி நின்றது.

காயல்பட்டின வழக்கப்படி, கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். அஃப்ஸல் பெட்டியோடு வந்திறங்கிய அதே வாரம் இந்த முயலும் வந்து சேர்ந்தது. மாமனார் சேக், தன் சிநேகிதன் பாண்டியராஜிடமிருந்து அதை வாங்கி வந்தார். வருஷக்கணக்காகத் துபாயில் இருந்துவிட்டு, இப்போதுதான் ஒரேயடியாக வீடு திரும்பியிருந்த மனிதர். “எனக்குப் பொழுது போவாண்டாமா?” என்று சொல்லி, கூண்டைச் சாப்பிடுகிற அறையிலேயே வைத்துவிட்டார்.

மாமி தங்கமானவள்தான். ஆனால் பரிமாற உட்கார்ந்துவிட்டால் ‘போதும்’ என்ற சொல் மட்டும் அவள் காதில் ஏறாது. நெய்ச்சோறு, கறி, அதற்கும் மேலே பணியாரம். வேண்டாமென்றால், “ஏன் மாப்பிள்ள, நல்லால்லியா?” என்று கண் கலங்கிவிடும்.

காலமெல்லாம் இருக்கப்போகிற வீட்டில், வந்ததும் வராததுமாய் மாமியாரை அழவைத்தவன் என்ற பெயரை எவன் வாங்குவான்? அதனால் முந்தாநாள் அவள் அடுப்படிக்குப் போன சமயம் பார்த்து, அஃப்ஸல் இரண்டு பணியாரத்தைக் கூண்டுக்குள் தள்ளிவிட்டான். முயல் சப்புக்கொட்டித் தின்றது.

இப்போது அது மூலையில் சுருண்டு கிடந்தது. போட்ட கீரை போட்டபடி வாடியிருந்தது.

“இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் தாங்க மாட்டேன் மச்சான்” என்று விசும்பினாள் ஸஹ்லா. அவனுக்குப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

சேக் காரை எடுத்தார். முயல் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அஃப்ஸல் ஏறினான். துபாய் பெருமையை வாய் ஓயாமல் பேசுகிறவர் அன்று வாயே திறக்கவில்லை. முத்தையாபுரத்தில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டபோது ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அஃப்ஸல் நிமிஷத்துக்கு ஒருதரம் கூடைக்குள் எட்டிப் பார்த்தான். ஒரு புழுக்கை கூட இல்லை.

தூத்துக்குடியில் கால்நடை டாக்டர் சிவசுப்பிரமணியன் முயலின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். “ரெண்டு பேர்ல யாரு இதுக்குத் தீனி வைக்கிறது?”

“பொம்பளைங்கதான்” என்றார்கள் இருவரும் ஒரே மூச்சில்.

“புல்லும் கீரையும் தின்னா இப்படி ஆகாது. மாவுப் பண்டம் போயிருக்கு. அதுவும் ஒருநாள் ரெண்டுநாள் இல்ல, வந்த நாள்லேர்ந்து யாரோ நல்லா ஊட்டி விட்டிருக்காங்க.”

நாம் போட்டது இரண்டுதானே, இந்த மனுஷர் என்ன இப்படிக் கூட்டிச் சொல்கிறார் என்று அஃப்ஸல் உள்ளுக்குள் மருகினான்.

டாக்டர் ஊசி போட்டு, மருந்தும் கொடுத்தார். “சாயங்காலத்துக்குள்ள புழுக்கை போட்டா பொழைச்சுது. இல்லேன்னா சொல்றதுக்கில்ல.”

விஷயம் தெரிந்ததும் பதுருன்னிஸா வீட்டை இரண்டாக்கிவிட்டாள். “வாயில்லா ஜீவனுக்கு எந்தப் பாவி மாவுப் பண்டத்தைப் போட்டது? ஆளு மட்டும் தெரியட்டும், இந்த வீட்ல அவங்களுக்குச் சோறு கிடையாது!”

வேறொரு நாளாக இருந்தால் அஃப்ஸல் சந்தோஷமாகக் கையைத் தூக்கியிருப்பான். இன்று தலையே தூக்க முடியவில்லை.

மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை. மாமனாரும் மருமகனும் கூண்டுக்கு முன்னால் குப்புறப் படுக்காத குறையாக உட்கார்ந்திருந்தார்கள். அஸர் தொழுகைக்குப் போனவர்கள் ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார்கள். முயல் அசையவில்லை. ஸஹ்லா அதன் வயிற்றை நீவிக்கொண்டே இருந்தாள்.

வெயில் இறங்குகிற நேரத்தில் முயல் மெல்ல எழுந்தது. இரண்டு அடி வைத்தது. பொத்தென்று ஒரு புழுக்கை விழுந்தது. பின்னாலேயே இன்னும் நாலைந்து.

“போட்டுட்டு! உம்மா, போட்டுட்டு!” என்று ஸஹ்லா கத்தினாள். “அல்ஹம்துலில்லாஹ்!” என்று பதுருன்னிஸா சொன்னது தெருமுனை வரை கேட்டிருக்கும். முயல் ஒரு அருகம்புல்லை இழுத்து மெல்லத் தொடங்கியது. அஃப்ஸலுக்கு அழுகையே வந்துவிட்டது.

“பாவம், ரெண்டு ஆம்பளைகளும் மத்தியானம் பட்டினி. இருங்க, சூடா பணியாரம் சுடுதேன்” என்று மாமி அடுப்படிக்குள் ஓடினாள்.

இதற்கு மேல் அஃப்ஸலால் அடக்க முடியவில்லை. மாமனாரைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மாமா, என்னைய மன்னிச்சிருங்க. அது என் வேலதான். மாமி மனசு நோகக்கூடாதேன்னு போட்டுட்டேன். ரெண்டே ரெண்டு பணியாரம் மாமா!”

அடுப்படியில் எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டது. சேக் அந்தப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, மருமகன் தோளில் ஒரு கையைப் போட்டுக்கொண்டார். மறு கையால் போனை எடுத்துக் காதில் வைத்து, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“ஏலே பாண்டியராஜு, நான் போடுததை முயலு தாங்கலடே. ஒரு ஆட்டுக்குட்டி இருந்தா குடு!”