லைட் பார்க்க நின்றவள்

கேமரா கம்பெனியை மாற்றினால், அதுவரை எடுத்த படங்களைப் பழைய கம்பெனியே வைத்துக்கொள்ளும் காலம் அது. வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்ள ஒரே ஒரு நாள் அவகாசம் தருவார்கள். தூத்துக்குடியில் கல்யாணப் படம் எடுக்கும் சகாயராஜ் ஆறு மாதம் யோசித்துத்தான் மாறினார். படம் எடுக்குமுன் வெளிச்சம் சரியா என்று லைட் பார்க்க, முன்னால் வந்து நிற்க இப்போது அவருக்கு ஆளில்லை. புதிய கேமராவுக்கோ அது தேவையே இல்லை என்றார்கள்.

பத்தொன்பது வருட ஆர்டர்களை ஒன்றுவிடாமல் கேட்டு வாங்கினார். கடைசியாகப் பழைய கேமரா கேட்டது: "லைட் பார்க்க எடுத்த படங்கள் வேண்டுமா?"

"அதெல்லாம் எதுக்கு? அழிச்சிரு."

மறுவாரம் மகள் ஆஷா போன் செய்தாள். "அம்மாவோட வருச நினைவுப் பூசைக்கு ஒரு போட்டோ அனுப்புங்கப்பா. ஆதார் படம் வேண்டாம், அதுல கோவமா இருக்காங்க. நீங்க எடுத்தது அனுப்புங்க."

அவர் மனைவி பிலோமினா எந்தக் கேமராவுக்கும் முகம் காட்டமாட்டாள். ஆனால் ஒவ்வொரு கல்யாணத்திலும் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறுமுன், லைட் பார்க்க அவள்தான் அங்கே வந்து நிற்பாள். "சீக்கிரம் எடுங்க, ஆளுக பாக்குறாங்க" என்று சிரிப்பாள்.

"தேடிப் பாக்கேம்மா" என்று போனை வைத்தார்.

அன்று மாலை மண்டபத்தில், யாரும் ஏறாத மேடையை ஒரு படம் எடுத்தார்.

"படத்தில் யாரும் இல்லை. அழிக்கலாமா?" என்றது புதிய கேமரா.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றார் சகாயராஜ்.