வெளிச்சம் தெரியக் கூடாது

"அரே, என்ன உதயா இது? வெளிச்சம் தெரியுதே!"

கிருஷ்ணமூர்த்தி மாஸ்டர் இரண்டு இரும்புத் துண்டுகளையும் ஒன்றுக்குள் ஒன்று செருகி, ஒர்க்‌ஷாப் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். இடுக்கில் மயிரிழை அளவுக்கு வெயில் கசிந்தது. வாசலில் நின்றிருந்த உதயாவின் அப்பா வெள்ளைச்சாமியும் எட்டிப் பார்த்தார்.

ஃபிட்டர் படிப்பில் அதுதானே எல்லாம்! ஒரு துண்டில் பள்ளம், இன்னொன்றில் மேடு. அரத்தால் ராவி ராவி, இரண்டும் சேர்ந்தால் நடுவே வெளிச்சமே தெரியாதபடி செய்ய வேண்டும். சென்னைக் கம்பெனிக்காரர்கள் போர்ட் பிளேருக்கே வந்து, ஐடிஐ பிள்ளைகள் செய்து வைத்திருந்த 'ஜாப்'பைப் பார்த்து அப்ரண்டிசுக்கு ஆள் எடுத்தார்கள். காலையிலேயே எடுத்து முடித்துக் கிளம்பியும் விட்டார்கள். உதயா பெயர் வரவில்லை.

"பேட்ச்லயே ஏக் நம்பர் உங்க பொண்ணுதாங்க. பொங்கலுக்கு முன்னாடி நானே பார்த்தேன், கச்சிதமா இருந்துச்சு. எப்படி லூஸாச்சுன்னே புரியலை" என்று தலையை ஆட்டிக்கொண்டே மாஸ்டர் உள்ளே போனார்.

வெள்ளைச்சாமிக்குப் புரிந்தது. பாவி மனுஷன், அவருக்கு நன்றாகவே புரிந்தது.

பொங்கல் லீவில் ஹட் பே தீவு வீட்டுக்கு வந்தபோது, அப்பாவுக்குக் காட்ட வேண்டுமென்று உதயா அந்த ஜாப்பை எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். அவள் தூங்கிய பிறகு ஆசையாகப் பிரித்துப் பார்த்தவர், திரும்பச் சுற்றாமல் ஜன்னலோரம் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். கடல் காற்று சும்மா விடுமா? விடிந்து பார்த்தால் செம்மண் பூசியது மாதிரி துரு! பிள்ளை பார்த்தால் அழுமே என்று பதறி, குத்துவிளக்கு விளக்குகிற மாதிரி புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்து, பழையபடி சுற்றி வைத்துவிட்டார். வெள்ளி மாதிரி ஆயிருச்சு என்று தன்னையே மெச்சிக்கொண்டது வேறு.

இன்றைக்கு அவர் கப்பலேறி வந்தது இதைப் பார்க்கவா? மகளிடம் ஒரு சந்தோஷம் சொல்ல வந்தார்.

சுனாமியில் மனைவி செல்லத்தைக் கடல் கொண்டுபோனதிலிருந்து, "அவள விட்டுட்டு இந்த மண்ண விட்டு நகர மாட்டேன்" என்று வீம்பாகச் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன். பொங்கல் முடிந்து மகளைக் கப்பலேற்றிவிட்டுத் திரும்பியபோதுதான், செத்தவளுக்குக் காவல் இருந்து உயிரோடு இருப்பவளை மெயின்லாந்தில், சென்னையில் தனியாக விடுவதா என்று உறைத்தது. எஸ்டேட் வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்தார். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும்; போகட்டும் என்று சாவியையும் கொடுத்துவிட்டார். அவர் இடத்துக்கு வேலைக்கு வந்த அழகர்சாமி குடும்பம் அங்கே பால் காய்ச்சிக் குடியும் வந்தாயிற்று. இவருடைய தகரப் பெட்டி இப்போது போர்ட் பிளேர் பஜாரில் அப்துல் கனி கடையில் கிடக்கிறது. போனில் சொன்னால் பிள்ளை முகம் தெரியுமா, நேரில் சொல்வோம் என்று வாயைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

இனி எந்த வாயால் சொல்வது?

இருவரும் கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"உதயா, அப்பாவ மன்னிச்சிரும்மா."

"எதுக்குப்பா?"

"ஒன் பொழப்புல நான்தான் மண்ணள்ளிப் போட்டேன். அது துரு புடிச்சிருந்துச்சு. புளி போட்டுத் தேச்சேன். அதுலதான் தேஞ்சு போச்சு." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

உதயா சட்டென்று சிரித்துவிட்டாள்.

"தெரியும்ப்பா. துணியப் பிரிச்சதுமே ரசம் வச்ச மாதிரி வாசம்! ஹாஸ்டல்ல எல்லாரும் கேலி பண்ணாங்க."

"சிரிக்கிறியே புள்ள! ஒனக்குக் கோவமே வரலியா?"

"ஏன் வரணும்? புளிக்கெல்லாம் இரும்பு அப்படித் தேயாதுப்பா. வந்ததுமே ரெண்டையும் செருகிப் பாத்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் தெரியல."

வெள்ளைச்சாமி துண்டை இறக்கினார். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் உருண்டு விழுந்தது. அப்படியானால் தன்மேல் தப்பில்லை. இந்தக் கம்பெனி இல்லாவிட்டால் இன்னொரு கம்பெனி. பெட்டியை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள்ளலாம். இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். ஆனாலும் ஒன்று இடித்தது.

"பின்ன இப்ப எப்படிம்மா தெரிஞ்சுச்சு?"

உதயா சிரிப்பை நிறுத்திவிட்டு, அரம் பிடித்துக் காய்த்துப்போயிருந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொங்கலன்னைக்குக் கடலோரம் அம்மாவுக்கு எல போட்டுட்டு என்ன சொன்ன? 'அவள விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன், நீ போயிட்டு நல்லா இரு'ன்ன. ஒன்னத் தனியா அந்த லயத்துல போட்டுட்டு நான் எப்படிப்பா நல்லா இருப்பேன்? நேத்து நானேதான் அரத்த எடுத்து ரெண்டு இழுப்பு இழுத்தேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தாள்.

"விடுப்பா, போனது போகட்டும். இங்க படிப்பு முடிஞ்சதும் எஸ்டேட் ஒர்க்‌ஷாப்புலயே கேட்டுப் பாக்கலாம். நாளைக்கு ஹட் பே கப்பல் இருக்கு. ரெண்டு நாள் லீவு போட்டுட்டு நானும் வரேன், வா, நம்ம வீட்டுக்குப் போவோம்."